காலர் மட்டும்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர்தான். ஆனாலும் யார் தயவும் இல்லாமல் சொந்தமாகக் கடை போட்ட இஸ்திரிக்காரர் அவர். கண்ணை மூடிக்கொண்டே சட்டை தேய்ப்பேன் என்று மார்தட்டுவார். அதில் பொய்யும் இல்லை.

அன்று பக்கத்து வீட்டுப் பெண், இறந்துபோன கணவனின் சட்டையோடு வந்தாள். "அண்ணே, காலர் மட்டும் தேய்ங்க. கையைத் தொட்டுடாதீங்க. அவர் கடைசியா மடிச்சுவிட்ட மடிப்பு."

"என்கிட்டயா சொல்ற? எத்தனை ஆயிரம் சட்டை பாத்த கை இது!" என்றவர், கடை போட்ட கதையை அளந்துகொண்டே பெட்டியை எடுத்தார். எந்தச் சட்டையையும் அதன் வலது கையிலிருந்தே தேய்த்துப் பழகியவர்; பழக்கத்தில் பெட்டி அங்கேயே போனது. அவள் முகம் வெளுத்ததைக் கண்டு குனிந்து பார்த்தார். அந்தக் கை மடிப்புப் பிரிந்து, தகடாகத் தட்டையாகிக் கிடந்தது.

"தப்புப் பண்ணிட்டேம்மா. என் வாய் பாத்த வேலை."

அவள் சட்டையின் இடது கை மடிப்பைத் தடவினாள். "அவரும் இப்படித்தாண்ணே. பேச ஆரம்பிச்சா சோறு ஆறிப்போகும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தக் கை இருக்குல்ல. காலரைப் பாத்துத் தேய்ங்க."

அவர் வாயே திறக்காமல் தேய்த்தார். மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, பேச்சையே காணோம்? உடம்பு சரியில்லையா?"

சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், 'இரு' என்று கையைக் காட்டினார்.