சந்தனம் மறைத்த பச்சை விளக்கு

வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் பராமரிப்பு சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் போர்த் தண்ணீரில் டீ போட்டால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அதே தண்ணீர்தான் மில்லைக் குளிரவைக்கும் சில்லருக்கும் போகிறது. குழாய்க்குள் உப்பு பிடிக்காமலிருக்க வருஷக்கணக்காக மருந்து ஊற்றினோம். ஊற்றியவர் எரியோட்டிலிருந்து வரும் ஆபரேட்டர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கையுறை போட்டாலும் அவர் விரல்களில் தோல் உரிந்துகொண்டே இருக்கும். குழம்பு பட்டால் எரியும் என்று ஸ்பூனில்தான் சாப்பிடுவார்.

மருந்தே வேண்டாம், குழாயைச் சுற்றிக் கம்பி கட்டி ஒரு மின்சாரப் பெட்டியை மாட்டினால் போதும், உப்பு கெட்டியாகப் பிடிக்காமல் பொடியாகவே நிற்கும், தினமும் அடித்தண்ணீரைத் திறந்துவிட்டால் வெளியே போய்விடும் என்று மேனேஜரிடம் மன்றாடி நான்தான் வாங்கவைத்தேன். பாதி அந்த மனுஷனின் கைக்காக. மீதி, என் பெயர் விளங்க வேண்டும் என்பதற்காக. மூன்றே மாதத்தில் கை தேறிவிட்டது. கேன்டீனில் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாத்தீங்களா சார்" என்று விரித்துக் காட்டினார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் மில்லில் எந்த மெஷினுக்கு யார் பொட்டு வைக்கிறாரோ அவரே அதை அணைத்து, மறுநாள் அவரே ஸ்விட்சைப் போட வேண்டும். பெருமைக்குப் பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். அணைத்துவிட்டுத் தாராளமாகச் சந்தனம் அப்பினேன், பெட்டி ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கின் மேலேயே. மறுநாள் காலையில் அவரவர் மெஷினை அவரவர் ஓட்டினார்கள். நான் மேனேஜரோடு பேசிக்கொண்டே வேறு பக்கம் போய்விட்டேன். சாமிக்கு வைத்த பொட்டு, அதுவும் சூப்பர்வைசர் வைத்தது. யாரும் துடைக்கவில்லை.

பங்குனி வெயிலில் சில்லர் அடிக்கடி நின்றது. மில்லுக்குள் சூடேறி நூல் அறுந்தது. குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு பூசிய மாதிரி இருந்தது. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. போய்க் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். விளக்கு எரியவில்லை. யாரும் பார்ப்பதற்குள் ஸ்விட்சைப் போட்டேன்.

"ஆபரேட்டர் டெய்லி அடித்தண்ணிய ஒழுங்காத் தொறந்து விட்டாரா?" என்று மேனேஜர் கேட்டார். விட்டார். நானே பார்த்திருக்கிறேன்.

"சரியாத் தெரியல சார்" என்றேன். அந்த மூன்று வார்த்தையில் அவர் வேலை போனது. வெட்கங்கெட்டவன், அன்று மதியம் வயிறாரச் சாப்பிடவும் செய்தேன்.

பெட்டி இன்றும் நன்றாக ஓடுகிறது. மேனேஜர் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி என் பெயரைச் சொல்கிறார்.

போன மாதம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வேறொரு ஆலையில் மறுபடி மருந்து ஊற்றுகிறாராம். டீ கிளாஸைத் துண்டால் சுற்றிப் பிடித்திருந்தார். இன்று சொல்லிவிடுவது என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சார், ஒரு நாளு ரெண்டு நாளு தண்ணி தொறந்து விட மறந்திருப்பேன் போல. எம்புட்டு யோசிச்சாலும் ஞாவகம் வரமாட்டேங்குது. ஆசையா வாங்கி மாட்டுனீங்க, ஒங்களுக்குங் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அட, விடுங்கண்ணே" என்று அவரை நான் மன்னித்தேன்.