கோதண்டபாணி மாமாவின் சாவுகள்

கோர்வைப் புடவை நெய்ய இரண்டு ஆள் வேண்டும். உடல் பகுதிக்கு ஒருவர் நூல் சுற்றிய நாடாவைப் போட, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் கரைக்குப் போட வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் பால் குடிக்கிற குழந்தைகூட இதைச் சொல்லும். என் அக்கா புருஷன் கோதண்டபாணிக்கு மட்டும் கடைசிவரை இது மண்டையில் ஏறவில்லை. கோடம்பாக்கத்திலிருந்து ஆள் வந்தால் போதும், போட்டது போட்டபடி தறிக்குழியிலிருந்து எழுந்து சட்டை மாட்டிக்கொள்வார். நான் கரை நாடாவைக் கையில் பிடித்தபடி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே தறியில் உட்கார்ந்திருந்தோம், அதுதான் கஷ்டம்.

சினிமா நடிகர் என்று தெருவில் அவருக்குப் பெரிய பெயர். என்ன வேஷம் என்று யாராவது கேட்டால்தான் எங்களுக்கு வாய் அடைத்துப்போகும். அவர் நடித்ததெல்லாம் பிணமாகத்தான்.

அறுபத்திரண்டில் ஒரு படக் கம்பெனி எங்கள் ஊருக்கு வந்து, வேகவதி ஆற்றங்கரையில் சவ ஊர்வலம் எடுத்தது. பாடையில் படுக்க ஆள் கிடைக்கவில்லை. காஞ்சிபுரத்தில் புத்தியுள்ளவன் எவன் உயிரோடு பாடையில் ஏறுவான்? வேடிக்கை பார்க்கப் போயிருந்த மாமா வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடும்போது மூச்சை அடக்குகிற பழக்கம் நெசவுக்காரனுக்கு உண்டு. அந்தப் பழக்கத்தில் அசையாமல் கிடந்தார். எறும்பு காதுக்குள் போயும் அசையவில்லையாம். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு தேவராஜன் இதைப் பார்த்து வைத்துக்கொண்டான். அதிலிருந்து கோடம்பாக்கத்தில் யார் சாக வேண்டியிருந்தாலும் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிடும்.

ஜமீன்தாராகச் செத்தார். படகுக்காரராகச் செத்து நீரில் மிதந்தார். பட்டாளத்துக்காரராக, வேறு பத்துப் பேரோடு சேர்ந்து குப்புறக் கிடந்தார். அதில் தன் முதுகு எது என்று ஊருக்கெல்லாம் காட்டுவதற்காக அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பெரிய பெரிய நடிகர்கள் அவர் மார்பில் விழுந்து அழுதிருக்கிறார்கள். ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரியாது.

அவருக்கென்ன, செத்துவிட்டு எழுந்து டீ குடிப்பார். அவஸ்தை என் அக்கா ரேணுகாம்பாளுக்கு. ஒவ்வொரு படம் ஊருக்கு வரும்போதும் போய்ப் பார்ப்பாள். திரையில் எவளோ ஒருத்தி அவருக்காகத் தாலியை அறுப்பாள். அக்கா பாதியில் எழுந்து வந்து, கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொள்வாள். ஈரத்தலையோடு அவருக்குச் சோறு போடுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். நான்தான் வயிறெரிந்து பேசுவேன்.

“சாவறதுக்கு இன்னா மாமா அவ்ளோ அவசரம்? தானா வராதா அது?”

“உனக்குக் கலைன்னா இன்னான்னு தெரியாது ராஜகோபாலு. கரையப் பாத்துப் போடு.”

எழுபத்திநாலில் தேவராஜன் நேரில் வந்தான். இந்த முறை வசனம் உண்டு என்றான். கதாநாயகியின் அப்பா, சாவதற்கு முன் பேசுகிறார்: “விளக்கை ஏத்தி வெச்சுட்டுப் போம்மா. எனக்கு ஒண்ணுமில்லை.” அவ்வளவுதான். மாமாவுக்கு அது பெரிய புராணம்போல ஆகிவிட்டது. தறியில் ஒவ்வொரு மிதிக்கும் அதைச் சொன்னார். இழுத்துச் சொன்னார், இருமிச் சொன்னார், ‘அம்மா’வில் குரலை உடைத்துச் சொன்னார். ஒரு நாள் உச்சி வெயிலில் அவர் சொன்னதை நிஜமென்று நம்பி, அவர் மகள் காந்தா விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து நின்றாள். எனக்குத் தூக்கத்தில்கூட அந்த வசனம் கேட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் காந்தாவுக்கு ஐயம்பேட்டையிலிருந்து வரன் வந்தது. நல்ல பையன், சொந்தத் தறி. காந்தாவுக்கும் பிடித்திருந்தது. பையனின் அப்பா ராமலிங்கம் தாம்பூலம் மாற்றுகிற நேரத்தில் தொண்டையைச் செருமினார்.

“தப்பா நெனைக்காதீங்க. போன வாரம் எங்க ஊரு கொட்டாயில உங்க படம் பாத்தோம். வாய்க்கரிசி நெஜமாவே போட்டாங்களா?”

“நெஜ அரிசிதாங்க” என்றார் மாமா, பெருமையாக. எனக்கு அவர் வாயில் இன்னொரு பிடி போட வேண்டும்போல இருந்தது.

“வாய்க்கரிசி வாங்கினவரு எப்படிங்க பொண்ணத் தாரை வாத்துக் குடுப்பாரு?”

செத்தான் என்று கருமம் செய்யப்பட்டவன் உயிரோடு திரும்பினால், மறுபடி பிறந்ததாகச் சடங்கு செய்து, பெயர் வைத்துத்தான் வீட்டில் சேர்ப்பது வழக்கம். அதைச் செய்துவிட வேண்டும், இனி பிணமாகப் படுப்பதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியமும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சம்பந்தம் இல்லை என்றார் ராமலிங்கம். காந்தா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா தலையாட்டினார். நாள் குறித்தார்கள்.

சடங்குக்கு முந்தின நாள் மத்தியானம் தறியைவிட்டு எழுந்தவர் திரும்பி வரவில்லை. கோடம்பாக்கம் போகிற பஸ்ஸில் பார்த்ததாகத் தெருவில் சொன்னார்கள். விடிந்தது. ஐயர் வந்துவிட்டார். ஐயம்பேட்டைக்காரர்கள் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். காந்தா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்கா அடுப்படியில் நின்றுகொண்டு, “அந்த மனுஷனுக்குச் சாவறதுதான் பெரிசு. வாழ்றவங்க யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டாங்க” என்றாள். அவள் வாயைத் திறந்து அவரைப் பற்றிக் குறை சொன்னது அன்றுதான். ராமலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டபோது, மாமா கசங்கிய சட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அவரைப் பெற்ற அன்னம்மாள், ஐம்பது வயதுப் பிள்ளையின் காதில் பெயரைச் சொல்லிவிட்டு, “இந்த வாட்டியாவது உருப்புடியா இரு” என்றாள். ராமலிங்கமே சிரித்துவிட்டார். மாமா உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்து, இனிமேல் படுப்பதில்லை என்று சொன்னார். கல்யாணம் நிச்சயமானது.

மறுநாள் தறியில் உட்கார்ந்ததும் கேட்டேன். “எங்க போய்த் தொலைஞ்சீங்க?”

“டைரக்டரப் பாக்கத்தான். அந்த அப்பன் சாவாம இருந்தா இன்னாங்கன்னு கேட்டேன்பா. கட்டில்ல படுத்துக்கினு அந்த வசனத்தப் பேசுறேன், சாவ மட்டும் வேணாம்னேன்.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“அப்பன் செத்தாத்தான்யா கதையே நகரும்னாரு. வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்.” நாடாவை எடுத்தார். “அக்காகிட்ட சொல்லாத.”

அக்காளிடம் நான் எதையும் மறைத்ததில்லை. அன்று மாலையே சொல்லிவிட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

அடுத்த வருஷம் படம் காஞ்சிபுரத்துக்கு வந்தது. காந்தாவும் மாப்பிள்ளையும் ராமலிங்கமும் ஐயம்பேட்டையிலிருந்து வந்தார்கள். எல்லோரும் பகல் ஆட்டத்துக்குப் போனோம். மாமா வரவில்லை என்றுதான் சொன்னார், அக்காதான் விடவில்லை. கட்டிலில் அந்த வேற்றாள் கிடந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் எங்கள் வரிசை முழுவதும் முணுமுணுத்தது: விளக்கை ஏத்தி வெச்சுட்டுப் போம்மா. காந்தாவின் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். அந்த ஆள் சந்தை விலை கேட்பதுபோல அதைச் சொல்லிவிட்டுச் செத்தான். செத்த பிறகும் அவன் வயிறு ஏறி இறங்கியது. பெஞ்சு டிக்கெட்டில் விசிலடித்துச் சிரித்தார்கள். மாமா மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா சம்பந்தி பக்கம் திரும்பினாள். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

“இவரு படுத்திருந்தா இப்படி ஊர் சிரிக்குமா, சொல்லுங்க?”

அன்று படம் முடிகிறவரை அவள் எழுந்திருக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தோம். அக்கா நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“உனக்கும் பைத்தியம் பிடிச்சிக்கிச்சா? மாமாதான் சாவலியேக்கா. எவனோ ஒருத்தன் செத்ததுக்கு நீ ஏன் குளிக்கிற?”

“அது இவரு சாவுதானடா” என்றாள். கூந்தலைப் பிழிந்து முடிந்துகொண்டு, உள்ளே போய் விளக்கேற்றினாள்.