நஞ்சப்பாவின் மர ஸ்கேல்

ஆய்வேடு டைப் அடிக்கிறவன் அதைப் படிக்கக் கூடாது, அளந்தால் போதும். தொண்ணூறுகளில் மைசூரில், பல்கலைக்கழகத்துக்கு எதிர்ச் சாரியில், ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டருமாகக் கடை வைத்திருந்தபோது என் கொள்கை இதுதான். ஓரம் எவ்வளவு, அடிக்குறிப்பு எங்கே, நூற்பட்டியல் எப்படி என்று சொல்ல ஒரு விதிப் புத்தகம் உண்டு. அதைக் கட்டிக்கொண்டு அழுதவர்களே, உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றரை அங்குலம்

ஆய்வேடுகளை வாங்கிக்கொள்ளும் பிரிவில் நஞ்சப்பா என்று ஒரு கிளார்க். கையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல். இடது ஓரம் ஒன்றரை அங்குலம் என்பது விதி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சரியாக விட்டு அனுப்பிய ஆய்வேடு ஒன்று திரும்பி வந்தது. ஓரம் அதிகமாம். நேரில் போனேன். ஸ்கேலின் முனை, பூஜ்யம் இருக்க வேண்டிய இடம், டைப் அடித்த ஒரு வரி உயரத்துக்கு உடைந்து போயிருந்தது. மனிதர் உடைந்த இடத்திலிருந்தே அளந்துகொண்டிருந்தார். அந்த ஸ்கேலில் எதை அளந்தாலும் ஒரு வரி கூடத்தான் காட்டும்.

என் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"அது உங்க கடை ஸ்கேலு ஸ்வாமி. இது ஆபீஸ் ஸ்கேலு. நீங்கதான் உங்க அங்குலத்தைச் சரி பண்ணிக்கணும்."

குடும்பப் பெயர்

பண்ணிக்கொண்டேன், இடது ஓரத்தை மட்டும். மற்ற மூன்று பக்கமும் விதிப்படிதான் வைத்தேன். மேலே, கீழே, வலது பக்கம் எதையும் அவர் அளப்பதில்லை.

அப்போது வந்தவள் ருக்மணி. தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளிப் பெண். மைசூர் ஹெப்பாளில் ஃபாக்டரி வேலையிலிருந்த அண்ணன் வீட்டில் தங்கி, பாலாற்றுப் பக்கத்து மானாவாரி விவசாயத்தைப் பற்றி ஐந்து வருஷம் ஆய்வு செய்திருந்தாள். ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை. பட்டம் வந்தால் நிரந்தரம். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவள் பதிவு காலாவதி. மறுபடி முதலிலிருந்து.

நூற்பட்டியலில் குடும்பப் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்கிறது விதி. அவள் பட்டியலில் பாதிப் பேர் ஊர்ப் பெயரில் நின்றார்கள், மீதிப் பேர் அப்பா பெயரில். ஒரே ஆள் இரண்டு ஆளாகவும் நின்றார். "இதில் எதம்மா குடும்பப் பெயர்?" என்று எரிந்து விழுந்தேன். நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"எங்க பக்கம் அப்படி ஒண்ணு இருந்தா ரேஷன் கார்டுலயே போட்டிருப்பாங்களேங்க சார்."

மேற்படி

ஒரே நூலை அடுத்தடுத்து மேற்கோள் காட்டினால், அடிக்குறிப்பில் மறுபடி பெயர் எழுத வேண்டாம். 'மேற்படி' என்று போட்டுப் பக்க எண்ணைக் கொடுத்தால் போதும். வசதிதான். ஆனால் நடுவில் யாராவது ஒரு குறிப்பைச் செருகினால் கதை கந்தல்.

செருகினார்கள். வியாழக்கிழமை மாலை ருக்மணியின் வழிகாட்டிப் பேராசிரியர், நான்காம் இயலில் தன் கட்டுரை ஒன்றையும் ஓர் அடிக்குறிப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. போட்டேன். நான்தான் படிப்பதில்லையே.

வெள்ளி காலை பைண்டருக்கு அனுப்பப் பக்கங்களை அடுக்கும்போது ஒரு எண் கண்ணில் பட்டது. பேராசிரியர் கட்டுரை பதினாலு பக்கம். பட்டியலில் நானே அடித்தது. அதற்கு நேர் கீழே 'மேற்படி, பக்கம் 212'. பதினாலு பக்கக் கட்டுரைக்கு இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் எங்கிருந்து வரும்? கொள்கையை விட்டுவிட்டு மேலே படித்தேன். 'நிலத்தை நேரில் பார்க்காதவர் போட்ட கணக்கு இது' என்று எழுதியிருந்தாள். அவள் திட்டியது ஓர் அரசு அறிக்கையை. செருகிய குறிப்பால் திட்டு பேராசிரியர் தலையில் விழுந்திருந்தது. ருக்மணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ, சாமி! அவர் கையால சர்டிபிகேட் வாங்கிட்டு அவரையே வஞ்சிருக்கேனுங்களே!"

நான்கு மணி

முதல் 'மேற்படி'யை எடுத்துவிட்டு அறிக்கையின் பெயரைப் போட்டால் அதன் கீழே உள்ளதெல்லாம் தானே சரியாகிவிடும். ஆனால் அறிக்கைப் பெயர் ரயில் நீளம். ஒரு வரி இரண்டு வரி ஆகும். பக்கத்தில் இடம் இல்லை. அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால் இயல் முழுக்க நகரும், பொருளடக்கமும் மாறும், ஐந்து பிரதியும் மறுபடி. பைண்டருக்கே மூன்று மணி நேரம் வேண்டும்.

வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் சொல்லாமலே விதியை மீறினேன். கீழ் ஓரம் ஒரு அங்குலம் இருக்க வேண்டும். அதில் ஒரு வரியைக் கடித்துக்கொண்டேன். ஒரே பக்கம். பிரிண்ட் எடுத்து, நாலு ஜெராக்ஸ் போட்டு, மாற்றி வைத்து அனுப்பினேன்.

மூன்றரை மணிக்கு நஞ்சப்பா மேஜை. ருக்மணியோடு நானும் போயிருந்தேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். இடது ஓரத்தை அளந்தார். சரி. பக்கங்களைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நின்றார். "இது என்ன, அடியில் இடிக்கிற மாதிரி இருக்கே?" என்றார். கீழே அளக்காத மனிதர் அன்றைக்கு ஸ்கேலைக் கீழே வைத்தார், உடைந்த முனையைத் தாளின் விளிம்பில் பொருத்தி. ருக்மணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஸ்கேல் ஒரு அங்குலம் காட்டியது. மயிரிழை பிசகவில்லை. ஐந்து பிரதியிலும் சீல் குத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"நோடி, பாருங்க ஸ்வாமி, என் ஸ்கேலைத் திட்டினீங்களே, இப்ப உங்க அங்குலம் எவ்வளவு சரியா வருது!"

விதிப் புத்தகத்தைப் பத்து வருஷம் மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் ருக்மணியின் ஐந்து வருஷத்தைக் காப்பாற்றியது முனை உடைந்த ஒரு மரத்துண்டு.