பேச வராதவரின் நேரம்

நியூஜெர்சி சட்டமன்றக் கட்டடத்தில் ஓர் அறை. எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று போராடும் உறுப்பினர்கள் மக்களின் குறைகளைக் கேட்கிறார்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம். கட்டடம் பார்க்க வந்த நான் பின்வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

“தமிழா?” என்கிறார் பக்கத்திலிருக்கும் பெண்மணி. பக்கத்து எடிசன் ஊர்க்காரர். “அடுத்து எங்க வீட்டுக்காரர்.”

அவர் பெயரை அழைக்கிறார்கள். யாரும் எழவில்லை. ஆனாலும் கடிகாரம் ஓடுகிறது.

“சார் எங்கங்க?”

“போன மாசம் போய்ச் சேர்ந்துட்டார். ட்ரீட்மென்ட்டை இன்சூரன்ஸ்காரன் அப்ரூவ் பண்ணவே இல்ல. பேர் கொடுத்துட்டுப் போனவங்களுக்கும் இங்க டைம் கொடுப்பாங்க.”

“நீங்க பேசலாமே?”

“கேட்டாங்க. மாட்டேன்னுட்டேன். வீட்லயும் நான்தான் அவரைப் பேச விட்டதில்ல.”

உறுப்பினர்கள் காலி மைக்கையே பார்க்கிறார்கள். அதிலிருந்து மெல்லிய இரைச்சல் வருகிறது. ஒருவர் தலையாட்டி ஏதோ எழுதிக்கொள்கிறார்.

மணி அடிக்கிறது. தலைவர் அடுத்த பெயரை அழைக்கவில்லை. “இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று மைக்கைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்கிறார். கடிகாரம் மறுபடி ஓடுகிறது.

பெண்மணி முன்னால் சாய்ந்து, காலி மைக்கைப் பார்த்து மெதுவாகச் சொல்கிறார்:

“சொல்லுங்க. கேக்கறாங்க.”