கண்ணாடிக்கு அந்தப்புறம் மச்சான்

அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். காதுச் சோதனை எடுக்கும் பெண். அவளுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். கண்ணாடிக்கு இந்தப்புறம், கதவைச் சாத்திய கூண்டுக்குள், தலையில் ஹெட்போனும் கையில் ஒரு பொத்தானுமாக நான். என் இடது காதுக்குள் இருந்த சத்தத்தையும் ஓர் ஆளாகச் சேர்த்தால், அது நான்காவது ஆள்.

அந்தப் பொத்தான் இன்னும் கையில் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. பேனா மூடி அளவு, சிவப்பு. சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கெடுத்தோம்.

நான் சங்கு குளிப்பவன். தூத்துக்குடிக் கடலில் இருபது வருஷத்துக்கு மேல் இறங்கியவன். வாயில் காற்றுக் குழாய், இடுப்பில் கயிறு. வள்ளத்தில் காற்று மெஷினை ஒருவர் பார்த்துக்கொள்வார். கயிறு மட்டும் மச்சான் கையில்தான் இருக்கும். முத்துக் குளித்த காலத்திலிருந்தே எங்கள் பக்கத்து வழக்கம் அது. குளிப்பவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் கையைத் தளரவிட மாட்டான் என்பதுதான் அதில் உள்ள நியாயம். தண்ணீருக்குள் வாய்ப்பேச்சு கிடையாது. கயிறுதான் பேச்சு. மேலேயிருந்து அவர் ஒரு தடவை இழுத்தால் நல்லா இருக்கியா என்று கேட்கிறார். நானும் பதிலுக்கு ஒரு தடவை இழுக்க வேண்டும். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் தூக்கு. மூன்று வந்துவிட்டால் மச்சான் எதையும் யோசிக்க மாட்டார். ஒருநாள் கயிற்றைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சோற்றுச் சட்டியைக் கடலுக்குள் தட்டிவிட்டு என்னைத் தூக்கினார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "சீலா மீன் கொழம்புலே, பாவி" என்றார். 

சளி பிடித்த உடம்போடு ஒருநாள் இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாது. ஏறி வரும்போது இடது காதில் ஏதோ பிய்ந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு சத்தம் வந்தது. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் சீறுமே, அதுதான். விசில் மட்டும் வரவே வராது. கரைக்கு வந்ததும் வள்ளத்து எஞ்சினை நிறுத்தினார்கள். எனக்கு நிற்கவில்லை.

"காதுக்குள்ள தண்ணி நிக்குதுலே மாப்ள, சாஞ்சு படு" என்று மச்சான் காதில் தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தார். தண்ணீரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு வரும் என்று எங்களுக்கு நினைப்பு. வெறும் தண்ணீர்தான் வந்தது. மறுநாள் தேங்காய் எண்ணெய் விட்டார். கூட்டாளிகளுக்குக் கொண்டாட்டம். "ஏலே, இவன் காதுக்குள்ள எப்எம் ஓடுதாம்லே. புதுப்பாட்டு வந்தா எங்களுக்கும் சொல்லுடே" என்றார்கள். நானும் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. அந்த வாரமே, "எந்திரி, டாக்டர்ட்ட போவோம்" என்று பைக்கை எடுத்துவிட்டார். நேரத்தோடுதான் போனோம். அதைச் சொல்லியாக வேண்டும்.

டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். சவ்வில் ஓட்டை இல்லை, உள்நரம்பு அடிபட்டிருந்தால் தாமதிக்காமல் மருந்து கொடுக்க வேண்டும், டெஸ்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். அப்படித்தான் அந்தக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தேன். "செவுத்தப் பாத்து உக்காருங்க அண்ணாச்சி" என்றாள் அந்தப் பெண். கதவைச் சாத்தினாள். உள்ளே அப்படி ஓர் அமைதி. அந்த அமைதியில் என் சீறல் பெரிதாகிவிட்டது. எது மெஷின் சத்தம், எது என் சத்தம் என்று பிரிக்கத் தெரியவில்லை. கலங்கல் தண்ணீரில் கண் தெரியாமல் போனால் என் கை தானாகக் கயிற்றுக்குப் போகும். அதே மாதிரி என் கழுத்து தானாக மச்சான் பக்கம் திரும்பியது. அந்தப் பெண் ஒவ்வொரு தடவை சத்தம் விடும்போதும் அவள் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு மின்னியது. விளக்கு மின்னும்போதெல்லாம், மடியில் இருந்த மச்சானின் வலது கை லேசாக ஒரு தடவை இழுத்தது. நான் ஒரு தடவை அமுக்கினேன். அவர் இழுக்க, நான் அமுக்க. அவள் குனிந்து காகிதத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனாள்.

நரம்புக்கு ஒன்றும் பெரிதாக இல்லை என்று டாக்டர் சொன்னார். சத்துமாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து டீ குடித்தோம். "பாஸ்லே மாப்ள" என்றார் மச்சான். இரண்டு பேரும் சிரித்தோம்.

மாத்திரை தீர்ந்தது. சத்தம் தீரவில்லை. இடது பக்கம் போனை வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. மாதம் ஒன்று கடந்தபிறகு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே மச்சானைச் சோதனை அறைக்குள் விடவில்லை. ஜன்னலும் என் முதுகுப் பக்கம் இருந்தது. நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். இடது காதுக்குப் பொத்தானை அமுக்க வேலையே வரவில்லை. டாக்டர் அம்மா புதுக் காகிதத்தையும் பழைய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் கோடு மேலே நேராக ஓடியது. புதியதில் கீழே விழுந்து கிடந்தது.

"இது உங்க ரிப்போர்ட்தானா?" என்று பழையதைக் காட்டிக் கேட்டார்.

நான் பேசுவதற்குள் மச்சான் எழுந்து நின்றார். "நாந்தாம்மா கைய ஆட்டுனேன்."

"எதுக்கு?"

மச்சான் என் பக்கம் கையைக் காட்டினார்.  "முழிச்சான்மா, உள்ள இருந்து" என்றார்.

டாக்டர் அம்மாவுக்கு அது புரிந்திருக்காது. திட்டவில்லை. முதலிலேயே மருந்து ஆரம்பித்திருந்தால் ஓரளவு மீண்டிருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது, இப்போது காலம் கடந்துவிட்டது என்றார். சத்தத்தோடு பழகிக்கொள்ள வேண்டும். படுக்கும்போது ஃபேனோ ரேடியோவோ மெதுவாக ஓடட்டும். கடலுக்குள் இறங்கவே கூடாது. திரும்பி வரும் பஸ்ஸில் மச்சான் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். வள்ளத்தில் எப்போதும் இடது பக்கம் இருப்பவர். அன்றிலிருந்து கடைசிவரை வலது பக்கம்தான்.

"விடுங்க மச்சான், என் கழுத்துதான திரும்புச்சி" என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்குக் கேக்கலன்னு எனக்குத் தெரியும்லா" என்றார். அதன் பிறகு அவர் வேறு யாருக்கும் கயிறு பிடிக்கப் போகவில்லை. எவ்வளவோ பேர் கூப்பிட்டார்கள். என் மனைவிக்கு எல்லாம் தெரியும். அண்ணனையும் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. மழைக்காலத்திலும் ஃபேனைப் போட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தாள்.

இப்போது சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் தரம் பிரிக்கிறேன். சங்கும் சங்கும் மோதும் சத்தத்தில் பகல் ஓடிவிடும். பெரிய வெள்ளிக்கிழமைதான் பாடு. அன்றைக்குக் கோயில் மணி அடிக்காது, ஊரே அடங்கிக் கிடக்கும். எனக்கு மட்டும் அடித்துக்கொண்டிருக்கும்.

போன வருஷம் மச்சானுக்கு நெஞ்சில் அடைப்பு. அவர் உயிர் போன நாளில் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்: வாசலில் ஒரு நர்ஸ். பெஞ்சில் என் மனைவி. கண்ணாடிக்கு அந்தப்புறம் மெஷின்களுக்கு நடுவில் மச்சான். இந்தப்புறம் நான். ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றாள் நர்ஸ். "நீங்க போங்க" என்று என் மனைவி என்னைத் தள்ளிவிட்டாள்.

அவர் மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். உள்ளே உதடு அசைந்தது. வலது காதைக் கொடுத்துக் குனிந்தேன். மெஷின் சத்தமும் என் சத்தமும்தான் கேட்டன. அவர் கையைப் பிடித்து ஒரு தடவை இழுத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவர் விரல்கள் என் கையைச் சுற்றிக்கொண்டன. பதிலுக்கு இழுத்தார். எண்ணினேன்.

மூன்று.