வல்லாரைக் கஞ்சி

ஹட்டன் சந்தையில் வல்லாரைக் கட்டு ஒன்றை முகர்ந்ததுமே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவம் கண்முன் வந்து நிற்கிறது. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போனதும் அங்கே எங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா, தண்ணீர் ஓடும் கானோரம் பறித்த வல்லாரையை இடித்துக் கஞ்சி காய்ச்சுவார். விறகுப் புகை, ஈரக் கம்பளி வாடை, பச்சைக் கசப்பு, அதற்குக் கடித்துக்கொள்ள ஆளுக்கொரு துண்டு கித்துள் கருப்பட்டி.

"குடிச்சிருங்க கண்ணுகளா, படிச்சதெல்லாம் மறக்காது" என்பார். என் துண்டு முதல் மிடறிலேயே தீர்ந்துவிடும். பக்கத்திலிருக்கும் செல்வி தன்னுடையதில் பாதியைக் கடித்து என் வாயில் வைப்பாள்.

ஒரு மழையில் மலை சரிந்து, ஆயம்மாவோடும் செல்வியோடும் மடுவத்தை மண் மூடியபோது, நான் காய்ச்சலோடு லயத்து வீட்டில் படுத்திருந்தேன்.

படித்ததெல்லாம் எப்போதோ மறந்துபோயிற்று, ஆயம்மா. அந்தப் பாதிக் கருப்பட்டிதான் மறக்கமாட்டேன் என்கிறது.