மூலையில் இரண்டு கோடு

முக்தார் அகமது எதையும் பாதிதான் வரைவார். சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது, தொழில் அப்படி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் முப்பத்தாறு வருடமாக அவர் பேட்டர்ன் மாஸ்டர். பேட்டர்ன் என்பது தோலின் மேல் வைத்து வெட்டுகிற அட்டை. மாஸ்டர் இடது காலுக்கு மட்டும் அட்டை செய்வார். மூலையில் பேனாவால் இரண்டு சின்னக் கோடு போடுவார். 'ஜோடி, திருப்பிப் போட்டு இன்னொன்று வெட்டு' என்று அர்த்தம். திருப்பினால் வலது கால் வந்துவிடும். அவரிடம் பதினோரு வருடம் கட்டிங்கில் இருந்தவன் நான். கனவில் இரண்டு கோடு வந்தால்கூடத் திரும்பிப் படுப்பேன்.

கம்பெனிக்கு வெளியிலும் முக்தார் பாயிடம் இதே கதைதான். வீட்டு கேட்டுக்கு ஒரு கதவை மட்டும் வரைந்து, மூலையில் இரண்டு கோடு போட்டு, ஊருக்குப் புதிதாக வந்த வெல்டரிடம் கொடுத்தார். அவர் ஒற்றைக் கதவைச் செய்து மாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுபாதியில் ஒரு மாதம் பழைய பெட்ஷீட் தொங்கியது.

"ஜோடின்னு தெளிவா போட்டிருக்கேன், அந்தாளுக்குக் கண்ணு இல்லியா? என் அட்டையில ஒரு நூல் தப்பு வந்துதுன்னு எவனாவது சொல்லட்டும்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். தப்பு தன் பக்கம் இருக்கலாம் என்ற நினைப்பே அவருக்கு வராது. அதுதான் அவருடைய சொத்து.

எங்கள் ஊரில் பாலாற்றின் மேல் ஒரு பழைய கருங்கல் பாலம் உண்டு. ஆற்றில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். மற்ற நாளெல்லாம் மணலைத் தாண்டுவதற்குப் பத்தொன்பது வளைவு. கட்டிய வெள்ளைக்காரனுக்குப் பெரிய மனசு. பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகு இதில் வண்டி ஓடுவதில்லை. சாயங்காலம் கம்பெனி விட்டதும் ஊரே இங்கே காற்று வாங்க வரும்.

வலது பக்கச் சுவரை ஒட்டிப் பூங்காவனம் அக்காவின் பஜ்ஜி வண்டி நிற்கும். கம்பெனியில் எங்களோடு ஷூ தைத்தவர்தான். முதுகு வலி வந்து வேலையை விட்டார். பதினான்கு வருடமாக அந்த அடுப்புதான் அவருக்கும் இரண்டு பெண்களுக்கும் சோறு போடுகிறது. இடது பக்கம் காற்று அடுப்பை நிற்கவிடாது, அதனால் வலது பக்கம். பாய் தினமும் இரண்டு மிளகாய் பஜ்ஜி வாங்குவார். ஒன்று மட்டும் கொடுத்தால் "ஒத்தையா வந்தா ரிஜெக்ட்" என்று தொடமாட்டார்.

போன வருடம் பாலத்தில் நகராட்சி ஒரு நோட்டீஸ் ஒட்டியது. 'பாரம்பரியப் பாலத்தைக் கலப்புப் பயன்பாட்டு நகர்ப்புற மேம்பாடாக மாற்றும் திட்டம். பொதுமக்கள் யோசனை தரலாம்.'

அக்கா கரண்டியோடு போய்ப் படித்துவிட்டு வந்தார். "எண்ணெயில கலப்படம் தெரியும். பாலத்துல இன்னாத்த கலக்கப் போறாங்க?"

கீழே கடை, மேலே ஆபீஸ், நடுவில் ஜனங்கள் நடக்க வழி என்று பாய் விளக்கினார். விளக்கும்போதே அவருக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கம்பெனி அட்டையில் பாலத்தை வெட்டினார். கடைக்குக் கதவு, மாடிக்கு ஜன்னல், எல்லாம் மடக்கினால் எழுந்து நிற்கும். சென்னையிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் தேவிகா அதைப் பார்த்துவிட்டு, "இதையே எடுத்துக்கறோம் சார்" என்று கையோடு வாங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பாயின் கால் தரையில் படவில்லை. பால்காரரிடம்கூடச் சொன்னார்.

அக்காவிடமும் போய்ச் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் கடையா பாய்?"

"ஆமாம்மா, ஜோடியா வருது!"

"என் அடுப்பு எந்த அட்டையில இருக்கு?"

பாய் அப்போதுதான் அடுப்பைப் பார்த்தார். "நீயும் ஒரு கடை கேளேன்மா" என்றார்.

"கடைக்குள்ள அடுப்பு வைக்கக் கூடாதுன்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கு. நீங்க அத்த படிக்கவே இல்லியா?"

படிக்கவில்லைதான். அன்று பஜ்ஜி சட்னி இல்லாமல் வந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டெய்லி அங்கதான் நிக்கறேன். வரையும்போது அந்த வண்டி கண்ணுக்கே வரலியேப்பா." அவரை அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கே பாவமாக இருந்தது. மறுநாள் தேவிகாவுக்கு போன் போட்டு அட்டையைத் திருப்பிக் கேட்டார். எல்லாம் கூட்டத்துக்குப் போய்விட்டது, அங்கே வந்து பேசுங்கள் என்று பதில் வந்தது.

கூட்டம் ஞாயிறு காலை, கல்யாண மண்டபத்தில். பாயின் அட்டையைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். மூலையில் இரண்டு கோடு, மூங்கில் கழி உயரத்துக்கு.

தேவிகா மைக்கைப் பிடித்தாள். "இடது பக்கம் மட்டும் கடை. வலது பக்கம் மொத்தமும் மக்களுக்கு. சாரோட ஐடியாவே இதுதான். மூலையில பாருங்க, அவர் இனிஷியல்கூட இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் தோல் வேலைக்காரர்கள். வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள், ஒட்டுகிறவர்கள். அத்தனை கண்ணும் அந்த இரண்டு கோட்டைப் பார்த்தது. பிறகு பாயைப் பார்த்தது. யாரோ இருமினார்கள்.

வலது பக்கம் சும்மா கிடப்பது நகராட்சித் தலைவருக்குப் பிடிக்கவில்லை. "பெரியவரே, அந்தப் பக்கம் ஏன் காலியா கிடக்குது? அங்கயும் கடை போடலாமே. வேணும்னே விட்டீங்களா, மறந்துட்டீங்களா?"

ஜோடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முப்பத்தாறு வருட மானம் காப்பாற்றப்படும். அடுப்பு போய்விடும். வேணும்னேதான் என்று சொன்னால், பொய் என்று மண்டபத்துக்கே தெரியும். கேட் கதையை மறந்தவன்கூட மறுபடி ஆரம்பிப்பான். அக்கா கதவோரம் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

பாய் எழுந்தார். தொப்பியைச் சரிசெய்தார்.

"வேணும்னேதான் சார் விட்டேன். இது ஜோடி இல்ல. ஒத்தை."

"அப்ப அது உங்க இனிஷியல்தானே சார்?" என்று தேவிகா ஆசையாகக் கேட்டாள்.

பாய் எங்களை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். "ஆமாம்மா. என் இனிஷியல்."

ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. ஒருத்திகூட உண்மையைச் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கி எனக்கு வயிறே வலித்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அடக்க முடியாமல் கை தட்டினேன். மண்டபமே தட்டியது.

பாய் உட்காரவில்லை. "வலது பக்கம் தள்ளுவண்டிக்குன்னு எழுதிக்குங்க சார். அடுப்போட" என்றார். தலைவர் கூட்டத்தைப் பார்த்தார், தட்டுகிற கைகளைப் பார்த்தார், எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க கம்பெனி வாசலில் பாயை யாரும் சும்மா விடவில்லை. "சலாம் பாய், இனிஷியல் சொல்லுங்க!" என்று செக்யூரிட்டிகூடக் கேட்டான். ஒரு நூல் தப்புக்கு ஊரைக் கூட்டுகிற மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் பாலத்துக்கு வந்தார். அக்கா ஒன்றும் பேசாமல் காகிதத்தில் ஒரே ஒரு பஜ்ஜியை வைத்து நீட்டினார்.

"இன்னாம்மா, ஒத்தையா குடுக்கறே?"

அக்கா காகிதத்தைத் திரும்ப வாங்கினார். கரண்டி நுனியில் சட்னியைத் தொட்டு, மூலையில் இரண்டு கோடு போட்டார்.

"உங்க இனிஷியல் பாய்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மிளகாயை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டார்.